செவ்வாய் வராத சாதகம்

என் மகளுடைய சாதகத்தில் செவ்வாய் எட்டாம் வீட்டில் இருக்கிறது. இதைப் பதுளையில் பார்த்த சோதிடர் சொன்னார். பண்டாரவளையில் பார்த்தவரும் சொன்னார். மொனராகலையிலிருந்து வந்து எங்கள் கோயிலில் சில நாள் தங்கியிருந்த ஒருவர், மற்ற எதையுமே சரியாகச் சொல்லாதவர், இதை மட்டும் சரியாகச் சொன்னார். சொல்லும்போது எல்லாருமே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். செவ்வாய் ஏதோ பக்கத்துக் காம்பராவில் படுத்திருப்பது போலவும், சத்தம் கேட்டால் எழுந்து வந்து தேத்தண்ணி கேட்கும் போலவும்.

அந்த ஒரு கிரகத்தால் எத்தனை மாப்பிள்ளைமார் தப்பிப் பிழைத்தார்கள் என்று நான் எண்ணி வைக்கவில்லை. அதிலே ஒருவர் மலைமேல் இருக்கும் எங்கள் லயத்து வீட்டுக்கு ஏறி வருவதற்குள் வழியில் நாலு இடத்தில் உட்கார்ந்தார். நெஞ்சிலே இழுப்பு, கையிலே சிகரெட். அவருடைய தாய்க்கு என் மகளின் செவ்வாயை நினைத்துத்தான் பயம் வந்தது, மகனுக்கு ஏதாவது ஆகிவிடுமாம். நானும் ஆமாம், கவனமாகக் கூட்டிப் போங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

மகள் எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறாள். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் விட்டுவிட்டுப் போகும் குழந்தைகளுக்குச் சோறூட்டி, தூங்க வைத்து, பின்னேரம் திருப்பிக் கொடுக்கிற வேலை. முப்பதைத் தாண்டிவிட்டாள். போன தை மாதம் ஒரு வீட்டார் வந்து கேசரியை மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போன பிறகு என்னிடம் சொன்னாள், "அம்மா, இன்னும் ஒரே ஒரு தடவ. அதுவும் இந்தச் செவ்வாயால திரும்பிப் போச்சுன்னா அதுக்கப்புறம் யாரையும் கூப்புடாதீங்க. நான் சேலை கட்டிக்கிட்டு நிக்க மாட்டேன்." அவள் சொன்னால் சொன்னதுதான். அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று எல்லாரும் என்னைப் பார்த்துக் கேட்பார்கள். எனக்கு எப்படித் தெரியும்?

அந்தக் கடைசித் தடவைக்கு வந்த இடம்தான் நமுனுகுல பக்கத்துத் தோட்டம். மாப்பிள்ளைக்குப் பண்டாரவளையில் மரக்கறிக் கடை. குடிக்கிறதில்லை என்றார் தரகர். தரகர்கள் எல்லா மாப்பிள்ளைமாரையும் அப்படித்தான் சொல்வார்கள், ஆனால் இதை எங்கள் சொந்தக்காரர்களிடமும் விசாரித்துப் பார்த்தேன், உண்மையாகவே இருந்தது. எனக்குப் பிடித்துப்போயிற்று. அதை யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை.

தரகர் ஒரு நாள் காலையில் வந்து வீட்டு முன்பக்க இஸ்தோப்பில் நின்றுகொண்டே சாதகம் கேட்டார். கையால் எழுதிய பழைய சாதகம் கூரைத் தகரம் ஒழுகி நனைந்துபோனதால், பதுளை சோதிடர் அதைக் கணினியில் புதிதாகப் போட்டு மகளின் போனுக்கு அனுப்பியிருந்தார். மேலே மஞ்சளும் செம்மஞ்சளுமாகப் பிள்ளையார் படம். கீழே ராசிக் கட்டம். எல்லாக் கிரகமும் கறுப்பு எழுத்தில், செவ்வாய் மட்டும் சிவப்பு எழுத்தில். தோசம் செய்கிற கிரகத்தைச் சிவப்பில் போட்டுக் கொடுப்பது அவருடைய தனிச் சேவையாம். பார்க்கிறவர்கள் தேடிக் கஷ்டப்படக் கூடாது என்ற நல்ல மனசு.

"அண்ணே, போன்லயே அனுப்பிறலாமே?" என்றாள் மகள்.

"வேணாம் பிள்ளை. மாப்பிள்ளையோட அம்மா போன்ல வர்ற எதையும் நம்பாது. தாள்ல இருந்தாத்தான் உண்மைங்கும். சுருக்கா குடு, பஸ் வந்துரும்."

எங்கள் வீட்டில் பிரிண்டர் இருக்கிறது. என் மகன் பதுளைப் பக்கம் ஒரு பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கிறான். பின்னேரத்தில் லயத்துப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே வகுப்பு வைப்பான். அதற்குக் கேள்வித்தாள் அடிக்க வாங்கியது. அது உள் காம்பராவில் என் தையல் மிஷினுக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது. வைபை பெட்டி முன் சன்னலில். அந்தச் சன்னலைத் தவிர வேறு எந்த இடத்திலும் அதற்கு உயிர் வராது. போனில் தட்டினால் செய்தி காற்றில் சன்னலுக்குப் போய், சன்னலிலிருந்து காற்றில் தையல் மிஷினுக்கு வர வேண்டும். பக்கத்தில் இருக்கிற பொருளோடு பேசுவதற்கு இவ்வளவு சுற்று.

மகள் தட்டினாள். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் தட்டினாள். பிரிண்டர் தூக்கம் கலைந்த கிழவரைப் போல இருமி, ஒன்றுக்கு இரண்டு தாளைத் தள்ளியது. பிள்ளையார் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

"அண்ணே, பிள்ளையார் வரலயே."

"பிள்ளையார நான் மனசுல நெனச்சிக்கிறேன். குடு பிள்ளை" என்று ஒரு தாளைப் பறித்துக்கொண்டு தரகர் இறங்கி ஓடினார். மற்றத் தாளை மகள் மடித்து என்னிடம் தந்தாள். அவள் அதைப் பார்க்கவில்லை. அந்தக் கட்டத்தைப் பார்ப்பதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள். நான் அதைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன்.

சில நாள் கழித்துத் தரகரின் போன் வந்தது. குரலிலே தேன்.

"அக்கா, பத்துக்குப் பத்துப் பொருத்தம்! அவங்க சோசியக்காரரு இப்பிடி ஒரு சுத்த சாதகத்த பாத்ததே இல்லயாம். தோசம்னு ஒரு பொட்டுக்கூட இல்லயாம். ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வாறாங்க."

சந்தோஷப்பட வேண்டியவள்தான் நான். ஆனால் என் மகளின் சாதகத்தைச் சுத்தம் என்று சொன்ன சோதிடர் இந்த ஊவா மாகாணத்திலேயே கிடையாது. சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்த தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மூன்றாம் வகுப்போடு கொழுந்துக் கூடை தூக்கியவள் நான். செய்தித்தாளைக் கையில் கொடுத்தால் தலைப்பை முடிப்பதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும். ஆனால் ராசிக் கட்டம் வேறு. அதில் எழுத்துக் குறைவு, கவலை அதிகம். இத்தனை வருஷமாகப் பார்த்த கட்டத்தை நான் கண்ணை மூடிக்கொண்டும் படிப்பேன். சூரியன் இருந்தது, சந்திரன் இருந்தது, குரு, சனி, ராகு, கேது எல்லாம் தத்தம் வீட்டில் இருந்தன. எட்டாம் வீட்டில் ஆளில்லை. பக்கத்தில் இருந்த சின்னக் கட்டத்திலும் இல்லை. செவ்வாய் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தது.

நமுனுகுலச் சோதிடரை நான் அன்றைக்குத்தான் மெச்சினேன். கிரகம் ஒன்பது என்று எண்ணத் தெரியாதவர், பொருத்தம் பத்து என்று எண்ணியிருக்கிறார்.

மகன் வேலை முடிந்து வந்ததும் தாளைக் காட்டினேன். அவன் தங்கையின் போனை வாங்கிப் பார்த்தான். அதில் செவ்வாய் சிவப்பாக, செழிப்பாக உட்கார்ந்திருந்தது. கொஞ்ச நேரம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"அம்மா, இது டிரைவர் பாத்த வேல."

"அவருக்கு எதுக்குய்யா நம்ம வீட்டுச் சாதகம்?"

"பஸ் டிரைவர் இல்லம்மா. பிரிண்டரோட டிரைவர். போனுக்கும் பிரிண்டருக்கும் ஒருத்தர் பாஷ இன்னொருத்தருக்குத் தெரியாது. நடுவுல நின்னு மாத்திக் குடுக்கறதுக்குப் பேருதான் டிரைவர்."

பிறகு வகுப்பு எடுக்கத் தொடங்கிவிட்டான். கணக்கு வாத்தியாரைப் பெற்றால் இதையும் அனுபவிக்க வேண்டும். தாள் தாளாக எதுவும் போவதில்லையாம். டிரைவர் அந்தப் பக்கத்தைப் புள்ளி புள்ளியாக உடைத்து, இந்தப் புள்ளி கறுப்பு மைப்பெட்டியிலிருந்து வரட்டும், அந்தப் புள்ளி கலர்ப் பெட்டியிலிருந்து வரட்டும் என்று ஒவ்வொன்றுக்கும் உத்தரவு எழுதுமாம். அந்த உத்தரவைத் துண்டு துண்டாக வெட்டிச் சன்னல் பெட்டி வழியாக அனுப்பினால், பிரிண்டர் வரிசையில் வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நிறைவேற்றுமாம். சிவப்பு என்றால் கலர்ப் பெட்டி. எங்கள் வீட்டுக் கலர்ப் பெட்டியோ, இவன் கேள்வித்தாளை எப்போதும் கறுப்பிலேயே அடிப்பதால், சும்மா கிடந்து காய்ந்து கல்லாகிவிட்டது.

"என் லெப்டொப்ல உள்ள டிரைவர்ல கறுப்பு மட்டும்னு குறிச்சு வச்சிருக்கேன். அது எந்தக் கலரா இருந்தாலும் கறுப்புப் பெட்டிக்கே அனுப்பிரும். போன்ல உள்ளது வேற டிரைவர். அதுக்கு இது தெரியாது. சிவப்புன்னா சிவப்புன்னு அனுப்பிருச்சு."

"மை இல்லாட்டி, மை இல்லைனு அந்த மிஷின் சொல்லாதா?"

"பெட்டி இருக்கில்ல? மை விழுந்திச்சான்னு அது பாக்காது. அடிச்சு முடிச்சேன்னு போனுக்குச் சொல்லிரும்."

இது எனக்குச் சட்டென்று விளங்கியது. தோட்டத்துத் துரை கணக்கப்பிள்ளைக்குச் சொல்வார், கணக்கப்பிள்ளை கங்காணிக்குச் சொல்வார், மலையில் வேலை நடந்ததோ இல்லையோ, பின்னேரம் முடிந்துவிட்டது என்ற பதில் மட்டும் ஒழுங்காக மேலே ஏறிப் போகும். இதற்குப் போய் வெளிநாட்டுக்காரன் மிஷின் செய்திருக்கிறான். எங்கள் தோட்டத்தில் கேட்டிருந்தால் நாங்களே செய்து கொடுத்திருப்போம்.

"அப்ப தரகருக்குச் சொல்லி வேற தாள் குடுக்கணும்" என்றேன்.

மகன் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "எதுக்கும்மா? நாமளா மறைச்சோம்? நாம அனுப்பினோம், அது வரல. இத்தன வருசம் நம்மளப் பாடாப் படுத்துன கிரகம், தானா எறங்கிப் போயிருக்கு. கையப் புடிச்சுக் கூட்டி வந்து உக்கார வைக்கணுமா? கடவுளாப் பாத்து செஞ்சதுன்னு நெனச்சுக்கங்க."

"நீ மை வாங்காததுக்குக் கடவுள்னு பேரு வைக்காத. நாளைக்கு அந்தப் பையனுக்கு ஒரு தடிமன் வந்தாலும், மறைச்சுக் கட்டி வச்சிட்டாங்கன்னு என் பிள்ளையத்தான் நிக்க வச்சு கேப்பாங்க. நான் கொழுந்துக் கூடையில தண்டு போட்டு நிறை கூட்டிக் காட்டுனவ இல்ல."

"சொன்னா இதுவும் போயிரும்மா. இதுதான் கடைசின்னு அவ சொன்னது மறந்திருச்சா?"

மறக்கவில்லை. அதனால்தான் நானும் தாளை மடித்துவிட்டேன். எங்கள் வீட்டுச் சுவர்கள் லயத்துச் சுவர்கள், முணுமுணுத்தாலும் அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். குரலைத் தாழ்த்துவது எங்களுக்கு ஒரு பழக்கம், அவ்வளவுதான், அதனால் பிரயோசனம் எதுவும் கிடையாது. மகள் குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"யாரும் யாருக்கும் சொல்ல வேணாம். ஞாயித்துக்கெழம வரட்டும். நானே சொல்றேன்."

"தரகர் மூலமா நாசூக்கா…" என்று மகன் இழுத்தான்.

"அண்ணே, தரகர் வாயால போனா அதுவும் பாதிதான் போய்ச் சேரும்."

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் என் வயசுக்காரி, என்னைவிட உயரம். தரகர் பின்னால் மூச்சு வாங்க, அந்த மனுசி சமதரையில் நடக்கிற மாதிரி ஏறி வந்து, வாசலில் நின்று நாலு பக்கமும் பார்த்தாள்.

"ஒங்க ஏத்தம் ஒண்ணும் பெருசா இல்லையே அக்கா. எங்க பக்கத்துல இத மேடுன்னே சொல்ல மாட்டோம்."

"ஆமாங்க. ஒங்க பக்கம் மலைதான் பெருசு, கொழுந்து கொஞ்சம் சின்னதுன்னு கேள்விப்பட்டேன். உள்ள வாங்க."

என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். எனக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது. அதனால் கவலை கூடிவிட்டது. பையன் மூலையில் இருந்த பிளாஸ்டிக் கதிரையில் அமர்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மகள் தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். எல்லாருக்கும் கொடுத்தாள். தட்டை வைத்துவிட்டு, உள்ளே போகாமல் நின்றாள்.

"ஒங்களுக்குக் குடுத்த சாதகத்துல செவ்வாய் இல்ல. பிரிண்டர்ல சிவப்பு மை இல்லாததால அது வரல. எனக்குச் செவ்வாய் எட்டுல இருக்கு. தெரிஞ்சுக்கிட்டு பேசுங்க."

தரகர் வாயில் இருந்த கேசரியை விழுங்காமல் பேசினார். "பிள்ளை பயத்துல ஏதோ ஒளறுது. ஒண்ணும் மனசுல வச்சிக்காதீங்க."

"பயத்துல பேசுற மாதிரி தெரியலயே" என்றாள் மாப்பிள்ளையின் தாய். என் மகன் பக்கம் திரும்பினாள். "அந்த மிஷின் எங்க தம்பி? இப்ப என் முன்னுக்கு அடிங்க. தாள்ல பாக்கணும்."

எல்லாரும் உள் காம்பராவுக்குப் போனோம். தையல் மிஷினைச் சுற்றி, பிரசவத்துக்குக் காத்திருக்கிற மாதிரி நின்றோம். மகன் லெப்டொப்பில் தட்டினான். பிரிண்டர் இருமியது. வந்தது சாதகம் இல்லை. முந்தின நாள் அவன் அனுப்பி, கரண்ட் போனதால் நின்றுபோயிருந்த கேள்வித்தாள்கள். வரிசையில் முன்னால் நிற்கிறவர்களுக்கு முதல் மரியாதை கொடுக்கிற மிஷின் அது. பெருக்கல் வந்தது, வகுத்தல் வந்தது, பின்னம் வந்தது. மகனுக்கு வியர்த்தது. "கொஞ்சம் பொறுங்க, இது முடியணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். மாப்பிள்ளைப் பையன் வந்து விழுந்த தாள்களைப் பொறுக்கி, ஓரம் தட்டி, ஒரே சீராக அடுக்கி வைத்தான். அதை நான் மட்டும் பார்க்கவில்லை, என் மகளும் பார்த்தாள்.

கடைசியில் சாதகம் வந்தது. பிள்ளையார் கறுப்பாக வந்தார். கட்டங்கள் வந்தன. மற்றக் கிரகமெல்லாம் நல்ல கறுப்பு, எட்டாம் வீட்டில் செவ்வாய் மட்டும் கொஞ்சம் சாம்பல் நிறத்தில் இருந்தது. இவ்வளவு காலம் ஆட்டிப் படைத்தது, ஆட்கள் கூடி நின்று பார்த்ததும் வெட்கப்பட்டுவிட்டது.

மாப்பிள்ளையின் தாய் தாளைத் தூரப் பிடித்துப் பார்த்தாள். தன் போனை எடுத்து அவர்களுடைய சோதிடரைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள். விஷயத்தைச் சொன்னாள்.

"அதானே பாத்தேன்!" என்றார் சோதிடர். "ஒரு கிரகம் கொறையுதேன்னு எனக்கு அன்னைக்கே ஒரு எண்ணம். எட்டுல செவ்வாய்ன்னா புருசனுக்கு ஆகாதுங்களே. பொருத்தம் பத்தும் இருந்தும் வேல இல்ல. வேற எடம் பாத்துறலாம்."

என் மகன் என்னைப் பார்த்தான். நான் வேண்டுமென்றே சுவரைப் பார்த்தேன். மகள் மட்டும் அசையாமல் நின்றாள்.

"சாமி" என்றாள் மாப்பிள்ளையின் தாய். "என்னையும் எங்க வீட்டுக்காரரையும் ஒங்க அப்பாதான் பொருத்தம் பாத்து சேத்து வச்சாரு. எங்களுக்கும் பத்துக்குப் பத்துதான். தேயிலைக்கு மருந்தடிக்கப் போன எடத்துல குளவி கொட்டி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போற வழியிலேயே மனுசன் போயிட்டாரு. அந்தக் குளவி எங்க ரெண்டு பேருல யாரு கட்டத்துல இருந்துச்சுன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. அவசரமில்ல."

சோதிடர் ஏதோ சொல்லத் தொடங்கினார். அவள் போனை நிறுத்தி இடுப்பில் செருகினாள். தேயிலை மலையில் வேலை செய்த யாருக்கும் குளவியைப் பற்றி விளக்கம் வேண்டாம்.

அவள் என் மகளிடம் திரும்பினாள். "தாள்ல இல்லாதத நீ ஏன் சொன்ன? சும்மா இருந்திருந்தா இந்நேரம் தட்டு மாத்தியிருப்போமே."

"பின்னுக்குத் தெரிஞ்சா சொல்லிக் காட்டுவீங்க."

"இப்பவும் சொல்லித்தான் காட்டுவேன். மாமியான்னா பின்ன என்னத்துக்கு?" என்றாள். பிறகு தன் மகனைப் பார்த்து, "டேய், ஒன் உசுரு, நீ சொல்லு. நான் சொல்லி நாளைக்கு நீ தடுக்கி விழுந்தா என்னையத் திட்டக் கூடாது" என்றாள்.

பையன் கையில் இருந்த கடைசித் தாளையும் அடுக்கின் மேல் வைத்தான். "இவங்ககிட்ட ஒரு வார்த்த பேசணும்" என்றான். அவன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான்.

இருவரும் இஸ்தோப்பின் ஓரத்துக்குப் போனார்கள். தரகர் பின்னால் போகப் பார்த்தார். மாப்பிள்ளையின் தாய் அவரைச் சட்டையைப் பிடித்து உட்கார வைத்து, மிச்சக் கேசரியை அவர் கையில் கொடுத்தாள். நான் சன்னல் பக்கம் நின்றேன். ஒட்டுக் கேட்க இல்லை, என் வீட்டுச் சன்னல், நான் எங்கே வேண்டுமானாலும் நிற்பேன்.

"ஒங்களுக்குப் பயமில்லையா?" என்று மகள் கேட்டது தெளிவாகக் கேட்டது.

அவன் மெல்லிய குரல்காரன். சொன்ன பதில் பாதியிலேயே காற்றோடு போய்விட்டது. ஆனால் அதற்குப் பிறகு என் மகள் சிரித்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் அவள் சிரித்து நான் கேட்டதே கிடையாது. பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளோடு இருக்கும்போது சிரிக்கிற சிரிப்பு அது, வாயைப் பொத்தாத சிரிப்பு.

மாப்பிள்ளையின் தாயும் அதைக் கேட்டாள். என்னைப் பார்த்தாள்.

"தேத்தண்ணிக்குச் சக்கர கொஞ்சம் தூக்கலா போடுங்க சம்பந்தி" என்றாள். "முதல்ல குடுத்தது சப்புன்னு இருந்திச்சு."

நான் அடுப்பில் மறுபடியும் தண்ணீர் வைத்தேன்.